ஏரி இல்லாத லேக் வியூ ரோடு: பழைய வரைபடத்தை இன்றைய ஊரின் மேல் விரித்துப் பார்க்கும் கலை

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. மளிகைக் கடை தெரியும், மெடிக்கல் ஷாப் தெரியும், அடுக்குமாடி வீடுகளின் பால்கனியில் காயும் துணி தெரியும். ஏரி மட்டும் தெரியாது. கொஞ்சம் வடக்கே நுங்கம்பாக்கம் போனால் டேங்க் பண்ட் ரோடு, அதாவது ஏரிக்கரைச் சாலை. அங்கேயே லேக் ஏரியா என்ற பெயரில் வரிசையாகச் சில தெருக்கள். அங்கும் தண்ணீர் இல்லை.

‘இங்க முன்னாடி ஏரி இருந்துச்சாம்’ என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் ஏரி எங்கே தொடங்கி எங்கே முடிந்தது, கரை எந்தப் பக்கம் இருந்தது, இன்று நாம் குடியிருக்கும் மனை அன்று தண்ணீருக்குள் இருந்ததா அல்லது அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலில் இருந்ததா என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். இந்த மாதிரிக் கேள்விகளுக்கு வீட்டில் உட்கார்ந்தபடியே கணினியில் பதில் தேட முடியும். ஆய்வாளராக இருக்க வேண்டியதில்லை. ஒரு பழைய வரைபடமும், இன்றைய இணைய வரைபடமும், ஒரு மாலை நேரமும் போதும்.

மாம்பலத்து ஏரியையே எடுத்துக்கொள்வோம்.

ஆங்கிலேயர் அதை லாங் டேங்க் என்றார்கள். பெயருக்கேற்ற நீளம்: மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்தில் தொடங்கி சைதாப்பேட்டைப் பக்கம் வரை வளைந்து கிடந்தது. வடக்குப் பகுதிக்கு நுங்கம்பாக்கம் ஏரி என்றும் தெற்குப் பகுதிக்கு மயிலாப்பூர் ஏரி என்றும் பெயர். மயிலாப்பூர் ஏரி என்றதும் கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளம்தான் நினைவுக்கு வரும். அது வேறு, இது வேறு. பழைய ஆவணங்களைப் படிக்கும்போது முதலில் வழுக்கிவிடும் இடம் இது. 1920இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் ஒன்று வந்தது. அதன் பின்னால் அந்த ஏரியைத் தூர்த்து மாம்பலத்தில் ஒரு புதுக் குடியிருப்பு கட்டும் வேலை தொடங்கியது. 1920களின் நடுவில் எழுந்த அந்தக் குடியிருப்புதான் தியாகராய நகர். இன்று தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அங்கே ஜவுளி எடுக்கப் போகிறவர்கள், ஏரியின் அடிவயிற்றில் நெரிசல் படுகிறார்கள்.

இந்தக் கதையைப் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று, கண்ணால் பார்ப்பது வேறு. ஆங்கிலேய அரசின் இந்திய விவரக் களஞ்சியமான இம்பீரியல் கெஜட்டியரின், 1909இல் அச்சான வரைபடத் தொகுதியில் சென்னை நகருக்கு ஒரு பக்கம் உண்டு. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அந்தப் படத்தை இன்றைய வரைபடத்தின் மேல் சரியாகப் பொருத்தி, ஸ்லைடரை இழுத்து மெல்ல மெல்ல மங்கச் செய்தால் ஒரு வேடிக்கை நடக்கும். நீல நிறம் கரைய, அதன் அடியிலிருந்து பாண்டி பஜார் மேலே வரும். திரும்ப இழுத்தால் பாண்டி பஜார் முழுகும். முதன்முறை பார்க்கிறவர்கள் இதை நாலைந்து தடவையாவது செய்து பார்க்காமல் விடமாட்டார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது?

கைப்பேசியில் நாம் பார்க்கும் வரைபடம் ஒரே படம் அல்ல. சின்னச் சின்னச் சதுர ஓடுகளாக அறுத்து வைத்த படங்களின் குவியல். மிகத் தொலைவிலிருந்து பார்க்கும்போது உலகம் முழுவதும் ஒரே சதுரம். ஒரு படி ஜூம் செய்தால் நான்கு சதுரம், இன்னொரு படி செய்தால் பதினாறு. ஒவ்வொரு படிக்கும் நான்கு மடங்காகி, தெரு தெளிவாகத் தெரியும் 18ஆம் படிக்கு வரும்போது உலகத்துக்கு மொத்தம் 6,800 கோடிக்கு மேற்பட்ட சதுரங்கள் கணக்கு வரும். நாம் பார்க்கும் இடத்துக்குத் தேவையான சிலவற்றை மட்டும் இறக்கி அடுக்கிக் காட்டுவதால்தான் விரலால் தள்ளினால் வரைபடம் வழுக்கிக்கொண்டு போகிறது.

இந்தச் சதுரங்கள் ஒவ்வொன்றுக்கும் உலகில் தன் இடம் எது என்று தெரியும். அட்சரேகை, தீர்க்கரேகை என்ற இரண்டு எண்கள் போதும், ஒரு புள்ளியைக் கணினி சரியாகக் கண்டுபிடித்துவிடும். 1909 வரைபடத்தின் ஸ்கேன் படத்துக்கு அந்த அறிவு இல்லை. கணினிக்கு அது வெறும் புகைப்படம்; நம் வீட்டுக் கல்யாண போட்டோவுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ‘உன் மேல் இருக்கும் இந்தக் கறுப்புப் புள்ளி, பூமியில் இந்த இடம்’ என்று நாம்தான் சொல்லித்தர வேண்டும். அதற்குப் பெயர் ஜியோரெஃபரன்சிங். தமிழில் புவிப்பொருத்தம் என்று சொல்லலாம்.

செய்முறை எளிது. இடப்பக்கம் பழைய படம், வலப்பக்கம் இன்றைய வரைபடம். இரண்டிலும் இருக்கும் ஒரே இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். கபாலீசுவரர் கோயில் குளத்தின் ஒரு மூலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழையதில் அதைச் சொடுக்கி, புதியதிலும் அதே மூலையைச் சொடுக்கினால் ஓர் ஆதாரப் புள்ளி ஆயிற்று. எழும்பூர் ரயில் நிலையம், புனித ஜார்ஜ் கோட்டைக்குள் 1680 முதல் நிற்கும் புனித மேரி தேவாலயம், திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் என்று இப்படி ஆறேழு புள்ளிகள் கொடுத்தால், மென்பொருள் பழைய படத்தைத் திருப்பி, இழுத்து, சுருக்கிப் பொருத்திவிடும். துணியில் நாலு பக்கமும் குண்டூசி குத்தி இழுத்துக் கட்டுகிற மாதிரிதான்.

மேப் வார்ப்பர் என்ற தளத்தில் உலாவியிலேயே இதைச் செய்யலாம். கொஞ்சம் ஆழமாகப் போக நினைக்கிறவர்கள் க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். முதல் நாள் பார்க்கும்போது விமானி அறை மாதிரி பொத்தான்கள் தெரிந்து மிரட்டும். அதில் பத்தைத் தெரிந்துகொண்டாலே நமக்கு வேண்டியது நடந்துவிடும். வேறு யாராவது பொருத்தி வைத்த பழைய வரைபடங்களைப் பார்த்துப் பழகினால் போதும் என்றால், ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளமும் டேவிட் ரம்ஸி சேகரிப்பும் இருக்கின்றன. ஸ்காட்லாந்து தளத்தில் திரையை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் நூறாண்டுக்கு முந்தைய வரைபடம், வலப்பக்கம் இன்றைய செயற்கைக்கோள் படம் என்று வைத்து ஒன்றை நகர்த்தினால் மற்றதும் கூடவே நகரும். நம் ஊருக்கு இப்படி ஒன்று முழுமையாக இருந்தால் எப்படி இருக்கும் என்ற ஏக்கம் அங்கே போனால் வராமல் இருக்காது.

பரங்கிமலையில் தொடங்கிய கணக்கு

எல்லாப் பழைய வரைபடமும் இப்படிச் சொன்னபடி கேட்டுப் பொருந்தாது. 1909 படம் ஏறத்தாழ அப்படியே உட்காரும். 1755இல் கான்ராடி வரைந்த சென்னை வரைபடத்தை எடுத்தால் கோட்டைப் பக்கம் பொருத்தினால் மயிலாப்பூர் நழுவும், மயிலாப்பூரைப் பிடித்தால் கோட்டை நகரும். வரைந்தவரின் திறமைக் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்குப் பின்னால் நடந்த ஒரு வேலைதான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம். அது தொடங்கிய இடமும் சென்னையேதான்.

1802 ஏப்ரல் 10ஆம் நாள், வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் நடுவே, ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நேர்கோட்டைச் சங்கிலி போட்டு அளக்கத் தொடங்கினார். அளந்து முடிக்க 57 நாள் ஆனது. 12 கிலோமீட்டருக்கு 57 நாளா என்று தோன்றும். வெயிலில் உலோகச் சங்கிலி நீளும், தரை ஏறி இறங்கும். அத்தனைக்கும் திருத்தம் பார்த்து அளந்தார்கள். அந்த ஒரு கோடு சரியாகக் கிடைத்துவிட்டால் போதும். அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவில் தெரியும் ஒரு குன்றையோ கோபுரத்தையோ பார்த்துக் கோணம் அளந்தால் முக்கோணக் கணக்கில் மற்ற இரண்டு பக்கங்களும் தாமாகவே வரும். அந்தப் பக்கத்தின் மேல் இன்னொரு முக்கோணம், அதன் மேல் இன்னொன்று. பரங்கிமலையில் தொடங்கிய அந்த முக்கோண வரிசைதான் வளர்ந்து வளர்ந்து இமயமலை வரை போய் நாடு முழுவதையும் அளந்தது. அளவைக்கு அடிப்படையான தீர்க்கரேகையும் நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டிய வானாய்வகத்தினுடையதே. அதன் கருங்கல் தூண் இன்றும் அங்கே வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது.

நடுவில் ஒரு தஞ்சாவூர்க் கதையும் உண்டு. முக்கோணம் போட உயரமான இடம் வேண்டும். காவிரிப் படுகையில் மலைக்கு எங்கே போவது? 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலேயே கோணம் அளக்கும், அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை ஏற்றப் பார்த்தார்கள். கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் அதைப் பிரித்துப் போட்டு, வாரக்கணக்கில் உட்கார்ந்து தன் கையாலேயே சரி செய்தார்.

ஆக, கையில் இருப்பது எந்தக் காலத்து வரைபடம் என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். முக்கோண அளவைக்குப் பிறகு வந்தது என்றால் அளவை நம்பலாம். முன்னாலே வந்தது என்றால் ‘எது எதற்குப் பக்கத்தில் இருந்தது’ என்பதை நம்பலாம், ‘எத்தனை அடி தள்ளி’ என்பதை நம்பக் கூடாது. இந்த ஒரு பழக்கம் இருந்தால் பாதித் தவறு குறையும்.

அளவுகோலும் அப்படித்தான். 1:50,000 வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் அரைக் கிலோமீட்டர். அதில் அரை மில்லிமீட்டர் தடிமனில் ஒரு வாய்க்கால் வரைந்திருந்தால், அந்தக் கோடு மட்டுமே தரையில் 25 மீட்டர் அகலம் பிடித்துக்கொள்ளும். பழைய வரைபடத்தை ஜூம் செய்து ‘வாய்க்கால் எங்கள் சமையலறை வழியாகப் போகிறது’ என்று அடித்துச் சொல்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை. சமையலறையாகவும் இருக்கலாம், எதிர்வீட்டுத் திண்ணையாகவும் இருக்கலாம்.

தெருவின் வடிவமும் பெயரும்

பழைய வரைபடம் கிடைக்காத ஊர்களுக்கும் வழி இருக்கிறது. இன்றைய வரைபடத்தையே நிதானமாகப் படித்தால் பாதி வரலாறு அதிலேயே கிடக்கும்.

தியாகராய நகரை மேலிருந்து பாருங்கள். பனகல் பூங்காவை நடுவில் வைத்து, சாலைகள் அதிலிருந்து பிரிந்து போகின்றன. வரைபட மேசையில் ஸ்கேல் வைத்துப் போட்ட தெருக்கள். ஊர் தானாக வளர்ந்தால் இப்படி அமையாது. மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றியுள்ள சந்துகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரிந்துவிடும். இனித் தெருப் பெயர்கள்: பனகல், தியாகராயர், உஸ்மான், நடேசன், தணிகாசலம். எல்லாரும் நீதிக்கட்சிக்காரர்கள். பாண்டி பஜாருக்கும் புதுச்சேரிக்கும் சம்பந்தம் இல்லை. அது சவுந்தரபாண்டியனார் பெயரில் வந்தது, அவரும் நீதிக்கட்சியில் இருந்தவர்தான். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தபோது இந்த இடம் ஊரானது என்பதைத் தனியாக ஆவணம் தேடிப் போகாமலே பெயர்ப் பலகைகள் சொல்லிவிடுகின்றன.

மதுரையில் இதே வித்தை வேறு மாதிரி வேலை செய்யும். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று சதுரம் சதுரமாக வீதிகள். அவற்றுக்கு வெளியே வெளி வீதிகள். 1840களில் பிளாக்பர்ன் என்ற கலெக்டர் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை விரித்தார். அந்த வேலையில் துணை நின்ற மாரெட், பெருமாள் மேஸ்திரி இருவர் பெயரும் இன்றும் வீதிப் பெயர்களாக இருக்கின்றன. சுவர் போய் 180 ஆண்டு ஆகப்போகிறது. ஆனால் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் அதன் சுவடு தெரியும்: உள்ளே ஒரு நெருக்கம், வெளியே ஒரு நெருக்கம், நடுவில் கோடு கிழித்த மாதிரி அகல வீதி.

நீர்நிலைக்கென்று தமிழில் இருக்கும் சொற்கள் இந்தத் தேடலில் பெரிய துணை. ஏரி, கண்மாய், தாங்கல், கேணி, ஊருணி, ஏந்தல். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று ஊர்ப்பெயரில் தாங்கல் இருந்தால் அங்கே சின்ன நீர்த்தேக்கம் இருந்திருக்க வேண்டும் என்று தேடத் தொடங்கலாம். திருவல்லிக்கேணியில் கேணி இருக்கிறது. மதகு, கலங்கல் என்ற சொல் தெருப்பெயரில் வந்தால் இன்னும் அதிர்ஷ்டம். ஏரியின் வாயும் வழிந்தோடும் இடமும் எதுவென்றே தெரிந்துவிடும். நம்மூர் ஏரிகள் பெரும்பாலும் பிறை வடிவம். சரிவுக்குக் குறுக்கே, தாழ்ந்த பக்கத்தில் கரை வளையும். உயர்ந்த பக்கத்தில் கரை இருக்காது, நீர் பரவி நிற்கும். சென்னையின் தரை கடலை நோக்கிக் கிழக்கே சரிகிறது. அதனால் கரையைத் தேடுகிறவர்கள் கிழக்குப் பக்கம் தேட வேண்டும். வளைந்து போகும் ஒரு சாலை, அதற்கு ஒரு பக்கம் தரை மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் இருந்தால் அந்தச் சாலை ஒரு காலத்தில் ஏரிக்கரையாக இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

பெயரைத் தேடும்போது எழுத்துக்கூட்டல் படுத்தும் பாடு தனி. எழும்பூர் எக்மோர் ஆனது எல்லாருக்கும் தெரியும். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726இல் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் கட்டிக்கொடுத்த பாலத்தை மார்மலாங் பாலம் என்றார்கள். மார்மலாங் என்பது வேறெதுவும் இல்லை, மாம்பலம்தான். இன்று அது மறைமலையடிகள் பாலம். எனவே பழைய வரைபடத்தில் உங்கள் ஊர்ப்பெயர் இல்லை என்று மூடிவைக்கும் முன், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். வெள்ளைக்காரன் காதில் விழுந்த உச்சரிப்பில் உங்கள் ஊர் ஒளிந்துகொண்டிருக்கலாம்.

மேலிருந்து எடுத்த படங்கள்

அண்மைக்கால மாற்றங்களுக்குக் கூகுள் எர்த் போதும். அதில் கடிகாரக் குறியைச் சொடுக்கினால் பழைய செயற்கைக்கோள் படங்கள் வரிசையாக வரும். சென்னை மாதிரி நகரங்களுக்கு 2000ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து தெளிவாகப் பார்க்கலாம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்குவதைப் பார்ப்பது மனசுக்கு நல்லதல்ல, ஆனால் பார்க்க வேண்டியது. அதே நிறுவனத்தின் டைம்லாப்ஸ் 1984 வரை பின்னால் போகும். அங்கே படம் மங்கல். வீடு தெரியாது, ஊர் பரவுவது தெரியும்.

அதற்கும் முன்னால் போக ஆசைப்பட்டால் ஒரு விசித்திரமான வழி உண்டு. 1960 முதல் 1972 வரை அமெரிக்கா கரோனா என்ற பெயரில் உளவுச் செயற்கைக்கோள்களை அனுப்பியது. அவை பிலிமில் படமெடுத்து, அந்தப் பிலிம் சுருளைப் பாராசூட்டில் கீழே போடும்; விமானம் ஒன்று அதை வானத்திலேயே கொக்கி போட்டுப் பிடிக்கும். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அந்தப் படங்கள் 1995இல் ரகசியப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்டன. ஏவுகணைத் தளங்களை வேவு பார்க்க எடுத்த படத்தில் இன்று உலகெங்கும் தொல்லியல் ஆய்வாளர்கள் புதைந்த ஊர்களையும் பழைய வாய்க்கால்களையும் தேடுகிறார்கள். உங்கள் பகுதிக்குப் படம் இருக்கிறதா என்று அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் தளத்தில் தேடலாம்.

சென்னை 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கியபோது, நீர் புகுந்த தெருக்களைப் பொதுமக்களே குறிக்கும் ஒரு வரைபடம், யார் வேண்டுமானாலும் வரைந்து சேர்க்கக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தின் மேல் உருவானது. அன்று அவசரத்துக்குச் செய்தது. இன்று அதுவும் ஒரு வரலாற்று ஆவணம்தான். பழைய நீர்நிலை வரைபடத்தோடு அதைச் சேர்த்துப் பார்த்தால் தண்ணீரின் ஞாபகசக்தி எவ்வளவு கூர்மையானது என்று தெரியும்.

வரைபடம் சொல்லாதது

வரைபடம் பொய் சொல்லாது என்று ஒரு நினைப்பு நமக்கு உண்டு. சொல்லும். அல்லது வேண்டுமென்றே சும்மா இருக்கும். கம்பெனிக் காலத்துச் சென்னை வரைபடங்களில் வெள்ளைக்காரர்களின் தோட்ட வீடுகளுக்குத் தனித்தனியே பெயர் இருக்கும். பக்கத்தில் ஆயிரம் பேர் வாழ்ந்த குடிசைப் பகுதி வெறும் நிழலாக இருக்கும். யார் வரி கட்டினார்கள், யாருக்குப் பாதை வேண்டும், பீரங்கிக் குண்டு எதுவரை போகும் என்ற கவலைகளில் பிறந்தவை அவை. கோட்டைக்கு வடக்கே இருந்த பழைய கறுப்பர் நகரத்தைப் பாருங்கள். 1746 முதல் 1749 வரை கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அதன் தொடர்ச்சியாக, எதிரி மறைந்துகொள்ள வீடுகள் எதுவும் கோட்டையை ஒட்டி இருக்கக் கூடாது என்று ஊரையே துடைத்தார்கள். பிந்தைய வரைபடங்களில் அந்த இடம் வெட்டவெளி. அந்த மண்ணில்தான் 1892இல் உயர் நீதிமன்றம் எழுந்தது. வெட்டவெளியைக் காட்டும் வரைபடம் மட்டும் கையில் இருந்தால் அங்கே எப்போதும் யாருமே இருந்ததில்லை என்றுதான் தோன்றும்.

அதனால் வரைபடத்தை ஒற்றைச் சாட்சியாக நிறுத்தாமல், பக்கத்தில் எழுத்தையும் பேச்சையும் வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குக் கை நீட்டினால் கிடைப்பது வருவாய்த் துறை ஆவணம். சர்வே எண் தெரிந்தால் அரசின் இணையச் சேவையில் ‘அ’ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்க்கலாம். ஏரி புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, நத்தம் என்று பதிவேட்டில் ஒரு வார்த்தை இருக்கும். செயற்கைக்கோள் படத்தில் அங்கே திருமண மண்டபம் நிற்கும். ஆனால் வீட்டில் நாம் பொருத்திய வரைபடத்தை எடுத்துக்கொண்டு எல்லைத் தகராறுக்குப் போய்விடாதீர்கள். அதற்கு சர்வேயர் வந்து கல் பார்த்து அளந்தாக வேண்டும். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. எந்தத் தெருவை, எந்த ஆண்டை ஒட்டித் தேடுகிறோம் என்பதை வரைபடத்திலிருந்து முடிவுசெய்துகொண்டு அங்கே போனால் நேரம் மிச்சம்.

பேச்சு என்றேனே, அதற்கும் ஒரு வழி சொல்கிறேன். மடிக்கணினியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பெரியவரிடம் ‘அந்தக் காலத்துல ஊர் எப்படி இருந்துச்சு பாட்டி?’ என்று கேட்டால் பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். ‘நீங்க ஸ்கூலுக்கு எந்த வழியா நடந்து போனீங்க?’ என்று கேளுங்கள். விரல் திரையில் நகரத் தொடங்கும். இங்கே ஒரு கிணறு, இங்கே சலவைத் துறை, இந்த மூலையில் ராத்திரி போக மாட்டோம். ஒவ்வொன்றுக்கும் அப்போதே ஒரு குறி குத்தி, யார் சொன்னது, எந்த ஆண்டு வாக்கில் என்று இரண்டு வரி எழுதிவையுங்கள். கூகுள் மை மேப்ஸ் இதற்குப் போதும். குறிகள் நிறையச் சேர்ந்து, ஊருக்கே பொதுவாக வைக்க நினைத்தால் ஓபன்ஹிஸ்டாரிக்கல்மேப் என்ற திட்டம் இருக்கிறது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் இன்று தரையில் இருப்பதை மட்டுமே வரையலாம். காணாமல் போன ஏரிக்கு இடம் அதன் இந்த வரலாற்றுச் சகோதரியிடம்தான். இரண்டிலும் கூகுளைப் பார்த்து நகலெடுத்து வரையக் கூடாது.

நான் பண்ணிய கூத்து

முதன்முதலில் 1909 வரைபடத்தைப் பொருத்த உட்கார்ந்தபோது நான்கே புள்ளிகள் கொடுத்தேன். கோட்டையின் ஒரு மூலை, கூவம் கடலில் சேரும் இடம், அடையாறு கடலில் சேரும் இடம், நடுவில் கடற்கரையில் தெளிவாகத் தெரிந்த ஒரு வளைவு. கடல் எங்கே போய்விடப் போகிறது என்ற நம்பிக்கை. பொத்தானை அழுத்தினால் வந்த படத்தில் மாம்பலம் ரயில் பாதை ஏரிக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல கண்டுபிடிப்பு என்று அரை மணி நேரம் குஷியாகவும் இருந்தேன். அப்புறம்தான் பரங்கிமலை உச்சித் தேவாலயம் மலையை விட்டு இறங்கி எங்கோ தள்ளி நிற்பது கண்ணில் பட்டது.

இரண்டு தவறுகள். நான்கு புள்ளிகளும் கிழக்கு ஓரத்திலேயே இருந்தன. ஒரு பக்கம் மட்டும் குண்டூசி குத்திய துணி மறுபக்கம் காற்றில் ஆடத்தானே செய்யும். புள்ளிகளை நான்கு மூலைக்கும் நடுவுக்கும் பரப்ப வேண்டும். இரண்டாவது தவறு பெரியது. சென்னையில் மற்ற எதையும் நம்பலாம், கடற்கரையை நம்பக் கூடாது. 1870களில் துறைமுகத்துச் சுவர்கள் கடலுக்குள் நீளத் தொடங்கின. நம் கரையோரம் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் மறித்ததால் அது தெற்கே குவிந்து மெரினா அகன்றது. மணல் வரத்து நின்றுபோன வடக்கே, ராயபுரம் பக்கம், கடல் கரையைத் தின்றது. ஆற்று முகத்துவாரங்களோ மணல் மேடு அடைத்தும் உடைத்தும் இடம் மாறிக்கொண்டே இருப்பவை. நகரும் பொருளில் ஆணி அடித்துவிட்டு, நகராத ஊரைக் குறை சொன்னேன்.

கடற்கரைப் புள்ளிகளை எல்லாம் அழித்துவிட்டு, கோயில் குளம், தேவாலயம், ரயில் சந்திப்பு என்று ஒன்பது புள்ளிகளை ஊர் முழுக்கப் பரப்பிக் கொடுத்தேன். ரயில் பாதை ஏரியை விட்டு வெளியே வந்து மேற்குப் பக்கம் போய் அமர்ந்தது. லேக் வியூ ரோட்டுக்குக் கிழக்கே நீலம் பரவியது. கடற்கரை மட்டும் பொருந்தவில்லை. ஆனால் இந்தத் தடவை அதைச் சரிசெய்யப் போகவில்லை. அப்படியே 1755 கான்ராடி வரைபடத்தைத் திறந்து, கோட்டைச் சுவரை மட்டும் பிடித்துப் பொருத்திப் பார்த்தேன். அதில் அலை கோட்டைச் சுவரின் காலடியில் இருந்தது. இன்றைய வரைபடத்தில் அதே சுவருக்கும் தண்ணீருக்கும் நடுவே ஆறு வரிசையில் வண்டிகள் போகும் சாலையும், அதற்கு அப்பால் பின்னும் நிலமும். 1909இன் கரைக்கோடு இரண்டுக்கும் இடையில் எங்கே விழுகிறது என்று இப்போது மார்க் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.